192 கிலோஹெர்ட்ஸ் என்னும் ஜல்லி

"வீட்ல பாட்டு ரெக்கார்ட் பண்ண ஒரு சவுண்ட் கார்டு வாங்கணும். பட்ஜெட் ஐயாயிரம். எது நல்லது?"

இந்தக் கேள்வியைக் கேட்பவருக்கு இரண்டே பதில்கள்தான் கிடைக்கின்றன. ஒன்று: "ஐயாயிரத்துக்கெல்லாம் ஒண்ணும் தேறாது தம்பி. குறைஞ்சது இருபதாயிரம் வேணும். 192 கிலோஹெர்ட்ஸ் இருக்கான்னு பார்த்து வாங்கு". இன்னொன்று: "எதுக்கு ஐயாயிரம்? ஆன்லைன்ல ஆயிரத்து சொச்சத்துக்கு மைக்கோட சேர்த்தே வருது. எக்கோ கூட இருக்கு".

முதல் பதிலைக் கேட்டவர் காசு சேரட்டும் என்று வருடக்கணக்கில் காத்திருக்கிறார். இரண்டாவது பதிலைக் கேட்டவர் வாங்கி, ஒரு வாரம் பொத்தான்களைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பரணில் போடுகிறார். இரண்டு வீட்டிலும் பாட்டு மட்டும் பதிவாகவில்லை.

இரண்டுமே தவறான பதில்கள். முதலாவது அளவுக்கு மீறிய எண்களைக் காட்டிப் பயமுறுத்துகிறது. இரண்டாவது விளையாட்டுப் பொருளைக் காட்டி ஏமாற்றுகிறது. நடுவில் ஒரு சாதாரணமான, அலங்காரம் இல்லாத, போதுமான பொருள் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் சத்தம் போட்டுச் சொல்வதில்லை. சொன்னால் பெட்டி பிரிக்கும் வீடியோவுக்குக் கீழே இருக்கும் லிங்கில் கமிஷன் குறையும் :-)

கார்டு எது என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எதைப் பதிவு செய்ய? எங்கே?

மூங்கில்துறைப்பட்டில் எதைப் பதிவு செய்வது?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வடக்கு ஓரம், தென்பெண்ணை ஆற்றங்கரை. சாத்தனூர் அணையைத் தாண்டி ஆறு வரும் வழியில் இருக்கும் ஊர் மூங்கில்துறைப்பட்டு. வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருந்தால் அது கூட்டுறவு சர்க்கரை ஆலையால்தான் இருக்கும். அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பாட்டைப் போட்டுக்கொண்டு வரிசையாகப் போகும். மேற்குப் பக்கம் கல்வராயன் மலை.

இங்கே வீட்டில் ஒலிப்பதிவு செய்ய நினைக்கும் ஒருவர் எதைப் பதிவு செய்வார்? சொந்தமாக எழுதிய ராப் அல்லது கானா. கோயில் திருவிழாவுக்கு ஒரு பக்திப் பாட்டு. பாடம் நடத்தும் ஆசிரியராக இருந்தால் தன் குரல். இன்னும் கொஞ்சம் யோசிப்பவராக இருந்தால், விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தின் பாட்டுகள், பாட்டி பாடும் தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி, மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் பாடும் பாட்டுகள்.

இதில் பெரும்பாலானவை சத்தமான ஒலிகள். கூத்துக்காரரின் தொண்டை, ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஊர்க் கோடி வரை கேட்க வேண்டும் என்று பழக்கப்பட்ட தொண்டை. அதற்குப் பின்பாட்டு, மிருதங்கம், தாளம், ஹார்மோனியம், எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு மேலே நிற்கும் முகவீணை. அவை பதிவாகும் இடமோ அமைதியான ஸ்டுடியோ அல்ல. மின்விசிறி ஓடும் வீடு, நாய் குரைக்கும் தெரு, டிராக்டர் போகும் சாலை.

சத்தமான ஒலி, சத்தமான இடம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் சொல்லும் எண்களில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

முதல் ஜல்லி: 192 கிலோஹெர்ட்ஸ்

மாதிரி வீதம் என்பது ஒரு நொடிக்கு எத்தனை முறை கார்டு ஒலியை அளக்கிறது என்பது. 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 48,000 முறை. 192 என்றால் 1,92,000 முறை. அப்படியானால் நாலு மடங்கு துல்லியமா?

இல்லை. ஹாரி நைக்விஸ்ட் 1928-லும் கிளாட் ஷானன் 1949-லும் எழுதியவற்றிலிருந்து பொறியியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் விதி இது: ஓர் ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் போதும், அந்த ஒலியை முழுதாகத் திரும்பப் பெறலாம். மனிதக் காது கேட்பது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அதுவும் குறையும். 1982-ல் சிடி வந்தபோது 44.1 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தது இதனால்தான். 48 கிலோஹெர்ட்ஸ் 24,000 ஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். 192 கிலோஹெர்ட்ஸ் 96,000 ஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். கல்வராயன் மலை வௌவால்கள் கச்சேரி வைத்தால் அது உதவும்.

இதைவிட வேடிக்கை மைக். உலகம் முழுக்க மேடைகளில் இருக்கும் ஷூர் எஸ்எம்58 மைக் பிடிக்கும் எல்லை 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் என்று அந்த நிறுவனமே அறிவித்திருக்கிறது. குழாயில் வரும் தண்ணீரே ஒரு குடம்தான். அதைப் பிடிக்க நாலு அண்டா வாங்கு என்று சொல்வதுதான் 192 கிலோஹெர்ட்ஸ் சிபாரிசு.

அண்டா சும்மா இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. இரண்டு சேனல், 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 69 எம்பி. எட்டு மணி நேரக் கூத்துக்கு 33 ஜிபி. அதையே 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் ஐந்தரை ஜிபி. சாதாரண வேவ் கோப்புக்கு 4 ஜிபி என்று ஓர் உச்சவரம்பு உண்டு. பெரிய எண்ணில் பதிந்தால் 62 நிமிடத்தில் அந்த வரம்பு வந்துவிடும். அதைக் கவனிக்காத மென்பொருளாக இருந்தால் அர்ச்சுனன் தபசுக்குப் போகும்போதே பதிவு நின்றிருக்கும்.

ஒலியைப் பல மடங்கு மெதுவாக்கி சினிமா எஃபெக்ட் செய்பவர்களுக்கு உயர்ந்த வீதம் பயன்படும். அது நியாயம். தாலாட்டைப் பதிவு செய்பவருக்கு எதற்கு?

இரண்டாம் ஜல்லி: பிட்

"16 பிட் எல்லாம் அந்தக் காலம், 24 பிட் இல்லாம தொடவே தொடாதே" என்பது அடுத்த உபதேசம். இதில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மைதான் முழுப் பொய்யைவிட ஆபத்து, ஆகவே கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபல். 16 பிட் என்றால் 96 டெசிபல் வீச்சு. 24 பிட்டுக்குக் காகிதத்தில் 144 டெசிபல். ஆனால் எந்தக் கார்டின் மின்சுற்றும் அதைத் தொடுவதில்லை. நல்ல கார்டுகளே 110, 120 டெசிபலில் நின்றுவிடுகின்றன. மீதி பிட்டுகளில் பதிவாவது மின்சுற்றின் சொந்த இரைச்சல்.

இப்போது மூங்கில்துறைப்பட்டு வீடு. இரவு பதினொரு மணி, விசிறியை நிறுத்தியாயிற்று, அறையின் மிச்சச் சத்தம் 35 டெசிபல் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். கூத்துப் பாடகர் மைக்குக்கு அருகில் உச்ச ஸ்தாயியில் பாடும்போது 100 டெசிபல். இரண்டுக்கும் நடுவே 65. திடீரென்று குரல் எகிறினால் உடையாமல் இருக்க மேலே 20 டெசிபல் இடம் விட்டால் மொத்தம் 85. பதினாறு பிட்டின் 96-க்குள் இது அடங்கிவிட்டது, மிச்சமும் இருக்கிறது. விசிறி ஓடினால் கணக்கு இன்னும் சுலபம், இன்னும் குறைந்த பிட்டே போதும் :-)

24 பிட்டின் உண்மையான பயன் ஒன்றே ஒன்று. கெயினை ரொம்பக் குறைவாக வைத்துவிட்டாலும் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். புதிதாகக் கற்பவருக்கு அது நல்ல வசதி. கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். கிடைக்கவில்லை என்பதற்காக ஒரு வருடம் காத்திருப்பது முட்டாள்தனம்.

மூன்றாம் ஜல்லி: ப்ரீஆம்ப், லேட்டன்சி

"விலை கூடின கார்டுல ப்ரீஆம்ப் சுத்தமா இருக்கும்." இருக்கும். எவ்வளவு சுத்தம்? 150 ஓம் மைக்கிலிருந்து இயற்பியல் விதிப்படியே வந்து தீர வேண்டிய இரைச்சல் மைனஸ் 131 டிபியு அளவில் இருக்கிறது. எத்தனை லட்சம் கொடுத்தாலும் அதற்குக் கீழே போக முடியாது. இன்றைய சாதாரண கார்டுகளில் பெரும்பாலானவை மைனஸ் 125-லிருந்து 129-க்குள் வந்துவிட்டன. மிச்சம் இருப்பது சில டெசிபல். அந்தச் சில டெசிபலை அடுத்த தெருவில் போகும் ஒரு டிராக்டர் சாப்பிட்டுவிடும்.

மெல்லிய ஒலியைப் பதிவு செய்பவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். தூரத்தில் வைத்த மைக்கில் வீணையைப் பிடிப்பவர், ரகசியக் குரலில் கதை சொல்பவர், இவர்களுக்கு அதிக கெயினும் குறைந்த இரைச்சலும் வேண்டும். அவர்கள் கூடுதலாகச் செலவு செய்வதில் அர்த்தம் இருக்கிறது. முகவீணைக்காரருக்கு எதிரில் மைக்கை வைப்பவருக்கு வரும் பிரச்சினை நேர் எதிரானது. கெயினைக் குறைக்க இடம் இருக்கிறதா என்பதுதான் அவர் பார்க்க வேண்டியது.

அடுத்தது லேட்டன்சி, அதாவது பாடியது கம்ப்யூட்டருக்குள் போய் ஹெட்போனுக்குத் திரும்பி வரும் தாமதம். 48 கிலோஹெர்ட்ஸில் 256 மாதிரி பஃபர் என்றால் ஒரு வழிக்கு 5.3 மில்லிசெகண்ட். இதை எழுதிக் காட்டித்தான் பலரைப் பயமுறுத்துகிறார்கள். காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. கூத்து மேடையில் பாடகருக்கு மூன்று மீட்டர் பின்னால் உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரரின் அடி, பாடகர் காதுக்கு வந்து சேரவே ஒன்பது மில்லிசெகண்ட் ஆகும். அந்தத் தாமதத்தோடுதான் தலைமுறை தலைமுறையாகத் தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியும் தாமதம் தொந்தரவு செய்தால் அதற்கு மருந்து விலை அல்ல, 'டைரக்ட் மானிட்டர்' என்ற ஒரு பொத்தான். அதை அழுத்தினால் மைக்கின் ஒலி கம்ப்யூட்டருக்குள் போகாமலே ஹெட்போனுக்கு வந்துவிடும். குறைந்த விலைக் கார்டுகளிலும் இது இருக்கிறது.

எதிர்ப்பக்கத்து ஏமாற்று

விலை கூடியது வேண்டாம் என்பதால் இருப்பதிலேயே மலிவானது போதும் என்று முடிவு கட்டுவது அடுத்த குழி.

ஆன்லைனில் வி8 என்ற பெயரில் ஒரு 'சவுண்ட் கார்டு' விற்கிறது. கூடவே பிஎம்-800 என்று ஒரு மைக், ஒரு மடக்குக் கை, ஒரு வலை. பார்க்க ஸ்டுடியோ மாதிரியே இருக்கும். அதில் கைதட்டல் பொத்தான், சிரிப்புப் பொத்தான், எக்கோ, குரல் மாற்றி எல்லாம் உண்டு. அது போனில் நேரலை பேசுகிறவர்களுக்காகச் செய்த சாதனம். அந்த வேலைக்கு அது சரி. ஆனால் அதில் எக்கோவோடு பதிந்த பாட்டிலிருந்து எக்கோவைப் பிறகு பிரித்தெடுக்க முடியாது. தரமான கண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் பெரும்பாலானவற்றில் கிடையாது. அந்த விலைக்கு ஒரு கார்டும் ஒரு மைக்கும் ஒரு ஸ்டாண்டும் எப்படி வரும் என்று ஒரு நிமிடம் யோசித்தாலே போதும்.

கம்ப்யூட்டரின் இளஞ்சிவப்பு மைக் துளையும் அப்படித்தான். அது தலையில் மாட்டும் ஹெட்செட்டுக்காக வைத்தது. மேடை மைக் தரும் சில மில்லிவோல்ட்டை அதில் ஏற்றினால் குரலோடு சேர்ந்து கம்ப்யூட்டரின் உள்சத்தமும் ஏறும்.

போன்? கையில் காசே இல்லாதவருக்கு போன்தான் சரி. வி8-ஐ விட மேல். ஆனால் ஒரு குறை தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான போன்கள் சத்தத்தைத் தானாக ஏற்றி இறக்கும். பாடகர் உச்சத்துக்குப் போனால் அமுக்கும், மூச்சு வாங்க நிறுத்தினால் பின்னால் இருக்கும் சிள்வண்டை ஏற்றும். கூத்துப் பாட்டின் உயிரே அந்த ஏற்ற இறக்கம்தான். அதைத் தட்டையாக்கிவிட்டு, மீதியை வாட்ஸப்பில் அனுப்பி இன்னும் சுருக்கினால் மிஞ்சுவது பாட்டின் புகைப்பட நகலின் நகல்.

"ரஹ்மானைப் பார்"

வாதம் தோற்கும் நேரத்தில் எல்லோரும் எடுக்கும் கடைசி ஆயுதம் இது. ஏ.ஆர். ரஹ்மான் 1989-ல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில்தான் பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டுடியோவைக் கட்டினார். 1992-ல் ரோஜா வந்தது. "பார்த்தியா, வீட்டு ஸ்டுடியோன்னா அப்படி இருக்கணும்!"

ரஹ்மான் அப்போது விளம்பர இசைத் தொழிலில் இருந்தவர். தொழிலுக்குக் கருவி வாங்குவதும் ஆசைக்குக் கருவி வாங்குவதும் ஒன்றல்ல. அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சாதனங்களின் பட்டியல் அல்ல. மணிக்கணக்கு வாடகைக்குப் பயப்படாமல், நினைத்த நேரத்தில், திரும்பத் திரும்ப முயன்று பார்க்க வீட்டிலேயே ஓர் இடம் இருந்தது என்பதைத்தான். அந்தச் சுதந்திரம் இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது.

எதிர்ப்பக்கத்துக்கு இன்னோர் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-ல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' ஆல்பம். புகழின் உச்சியில் இருந்தவர். எந்த ஸ்டுடியோவையும் வாங்கும் வசதி உண்டு. அவர் நியூஜெர்சியில் ஒரு வாடகை வீட்டில், நாலு டிராக் கேசட் ரெக்கார்டரில், இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக்குகளை வைத்து மாதிரிக்காகப் பாடிப் பதிந்தார். பிறகு இசைக்குழுவோடு ஸ்டுடியோவில் முயன்று பார்த்தும் அந்த உயிர் வரவில்லை என்று கேசட்டையே வெளியிட்டார்கள். அந்தக் கேசட்டின் ஒலி வீச்சு, இன்று ஐயாயிரம் ரூபாய் கார்டு தரும் 96 டெசிபலுக்குப் பக்கத்தில்கூட வராது.

அப்படியானால் எது?

பெட்டியில் எழுதியிருக்கும் பெரிய எண்ணைப் பார்க்காமல் கீழே உள்ளவற்றைப் பார்த்தால் போதும்.

1. இரண்டு எக்ஸ்எல்ஆர் மைக் உள்ளீடு. குரலுக்கு ஒன்று, வாத்தியத்துக்கு ஒன்று. தனிக்குரல் மட்டும்தான் என்றால் ஒன்றே போதும். ஒரே விலையில் ஒரு மைக்குக்கு 192 கிலோஹெர்ட்ஸ் கார்டும் இரண்டு மைக்குக்கு 48 கிலோஹெர்ட்ஸ் கார்டும் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது.

2. 48 வோல்ட் பாண்டம் பவர். இன்று டைனமிக் மைக் வைத்திருப்பவருக்குத் தேவைப்படாது. நாளை கண்டென்சர் வாங்கினால் தேவைப்படும்.

3. டைரக்ட் மானிட்டர்.

4. யுஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் கார்டு. இது ஸ்டுடியோக்காரர்கள் சொல்லாத தகுதி. கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியில் பதிவு தொடரும். வெள்ளிமலைக்கு மேலே ஒரு கிராமத்தில் பிளக் பாயிண்ட் தேட வேண்டியதில்லை. எர்த்திங் சரியில்லாத வீட்டில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிந்தால், அந்த 'ம்ம்ம்' என்ற இரைச்சல் பெரும்பாலும் நின்றுவிடும். இருபதாயிரம் ரூபாய் கார்டு வாங்கியும் அந்த இரைச்சலோடு அழுபவர்கள் இருக்கிறார்கள்.

5. டிரைவர் இல்லாமலே ஓடுவது. 2011-லிருந்து தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் மூலையில் கிடக்கின்றன. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்த இயந்திரங்கள். பழைய யுஎஸ்பி ஆடியோ முறையில் ஓடும் 48 கிலோஹெர்ட்ஸ் கார்டுகள் இவற்றில் செருகியவுடன் வேலை செய்யும். 192 கிலோஹெர்ட்ஸுக்குத் தேவையான புதிய முறையை விண்டோஸ் நேரடியாக ஏற்றுக்கொண்டதே 2017-ல் தான். அதற்கு முந்தைய விண்டோஸ் என்றால் நிறுவனத்தின் டிரைவரை நம்பி இருக்க வேண்டும். பெரிய எண் இங்கே வசதி அல்ல, இடைஞ்சல்.

பெயர் சொல்ல வேண்டும் என்றால்: பெஹ்ரிங்கர் யுஎம்2, யுஎம்சி22 இரண்டும் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஒரு மைக் உள்ளீடு. தனிக்குரலுக்கு இவை தாராளம். இரண்டு மைக் வேண்டும் என்றால் அதே நிறுவனத்தின் யுஎம்சி202எச்டி. அதில் 192 கிலோஹெர்ட்ஸ் சும்மாவே கிடைக்கிறது. 48-லேயே வைத்துக்கொள்வதை யாரும் தடுக்கப் போவதில்லை. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 நல்ல கார்டு, கட்டமைப்பும் கெயினும் மேல், காசு இருப்பவர் வாங்கலாம். ஆனால் அதற்கும் யுஎம்சி202எச்டிக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் ஒரு நல்ல மைக்கும் ஸ்டாண்டும் கேபிளும் வந்துவிடும். அந்த மூன்றும் இல்லாத ஸ்கார்லெட் வெறும் சிவப்புப் பெட்டி.

மென்பொருள் செலவு பூஜ்யம். ஆடாசிட்டி 2000-லிருந்து இலவசம்.

மைக்கும் உள்ளூரிலேயே இருக்கிறது. எந்த மைக் செட் கடையிலும் டைனமிக் மைக் கிடைக்கும், தெரிந்தவராக இருந்தால் ஒரு ராத்திரிக்கு இரவலாகவே தருவார். ஒரே ஒரு எச்சரிக்கை. மைக் செட்காரர் கேபிளின் மறுமுனையில் பெரும்பாலும் கால் இஞ்ச் ஜாக் இருக்கும். அதைக் கார்டில் செருகினால் மைக் ப்ரீஆம்புக்குப் போகாமல் லைன் உள்ளீட்டுக்குப் போய்விடும். சத்தமே வராது. "மலிவு கார்டு, அதான் வேலை செய்யல" என்ற தீர்ப்புகளில் பல இந்தக் கேபிளால் வந்தவையாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் எக்ஸ்எல்ஆர் உள்ள கேபிள் சில நூறு ரூபாய்.

மிச்சக் காசை அறைக்குச் செலவழிக்கலாம். முட்டை அட்டையை ஒட்டுவதில் பயன் இல்லை. நாலு கனமான போர்வை, ஒரு பஞ்சு மெத்தை, துணி அடைத்த அலமாரி இவை போதும். சிமெண்ட் அறையைவிடக் கூரை வீடு பதிவுக்கு நல்லது, ஓலை எதிரொலியைக் குடித்துவிடும். அதற்கு எந்த நிறுவனமும் விலைப்பட்டியல் வைக்கவில்லை, அதனால்தான் எந்த வீடியோவிலும் வருவதில்லை.

காத்திருப்பதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

"சரி, கொஞ்சம் அதிகமாகச் செலவு செய்தால்தான் என்ன, கெட்டுப் போகிறது?" என்று கேட்கலாம். செலவு செய்தால் ஒன்றும் கெடாது. அதற்காகக் காத்திருந்தால்தான் கெடுகிறது.

சார்லஸ் கோவர் 1871-ல் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை ஆங்கிலத்தில் புத்தகமாக்கினார். நா. வானமாமலை 1964-ல் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' கொண்டுவந்தார். பெரிய உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் அச்சு காப்பாற்றுவது சொல்லை மட்டும்தான். அந்தப் பாட்டை எந்த இழுப்பில் பாடினார்கள், எந்த இடத்தில் குரல் உடைந்தது என்பது காகிதத்தில் ஏறாது. பாடியவரோடு அது போய்விடும்.

டச்சுக்காரர் ஆர்னால்ட் பாக்கே 1938-ல் தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் போய் ஒலிப்பதிவு செய்தார். தமிழ்நாடும் அதில் உண்டு. அவருடைய சாதனத்தின் தரம் இன்றைய மலிவு போனுக்குக்கூட ஈடாகாது. ஆனால் 1984-ல் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி காட்லினும் அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனார்கள். நாற்பத்தாறு வருடத்தில் எது மாறியது, எது அழிந்தது, எது நிலைத்தது என்று ஒப்பிட முடிந்தது. அது முடிந்ததற்கு ஒரே காரணம், 1938-ல் ஒருவர் நல்ல சாதனம் வரட்டும் என்று காத்திருக்காததுதான்.

தெருக்கூத்தில் வேஷம் கட்டும் பெரியவர் ஒருவர் இந்த வருடம் பாடுகிறார். அடுத்த வருடம் தொண்டை இருக்குமா என்று அவருக்கே தெரியாது. அவருடைய பேரன் கையில் அரசு லேப்டாப் இருக்கிறது, மனதில் ஆசை இருக்கிறது, பையில் ஐயாயிரம் இருக்கிறது. அந்தப் பையனிடம் "192 இல்லாம தொடாதே" என்று சொல்பவர், தெரிந்தோ தெரியாமலோ, அந்தப் பாட்டுக்குச் சமாதி கட்டுகிறார். "எக்கோ பொத்தான் வச்சது வாங்கு" என்று சொல்பவர் அந்தச் சமாதிக்கு வெள்ளையடிக்கிறார்.

ஒரு பதிவில் இரைச்சல் இருந்தால் அதை நாளை குறைக்கலாம். அதற்கு மென்பொருள் இருக்கிறது, வருடா வருடம் மேம்படுகிறது. பதியாமல் விட்டதை மீட்க எந்த மென்பொருளும் வரப்போவதில்லை. இரண்டு மைக் துளை, 48 வோல்ட், ஒரு டைரக்ட் மானிட்டர் பொத்தான், சரியான கேபிள். இவ்வளவும் இருந்தால் கார்டைப் பற்றிய ஆராய்ச்சியை அங்கேயே முடித்துக்கொண்டு, விசிறியை நிறுத்திவிட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான்.